செவிலியர் கல்வியும் பழகும் இயல்பும்



கணிதம் பயில்வோன் கதவைத் தாழிட்டுக்கொண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம். செவிலித் தொழில் பயில்வோர்க்கு அது இயலாது. நாடி பார்க்கவும், இரத்த அழுத்தம் அளக்கவும், நோயாளியை நோகாமல் புரட்டிக் கிடத்தவும் உடன் பயில்வார் ஒருவரது கையேனும் வேண்டும். ஆதலின், பிறரோடு பழகும் இயல்பு எத்தகையதோ, அதற்கேற்பவே அவர்தம் கல்வியும் அமைகின்றது.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உளநூல் வல்லுநர் காரென் ஹார்னி அம்மையார், 1945-இல் வெளியிட்ட நூலில் மாந்தர் பழகும் போக்கினை மூவகையாகப் பகுத்தார். பிறரை நாடி அணைதல், பிறரை எதிர்த்து நிற்றல், பிறரினின்று ஒதுங்குதல் என்பன அவை. மூன்றும் எவரிடத்தும் உண்டு. சிலரிடம் ஒன்று மட்டும் மேலோங்கி நிற்கும்.

எதிர்த்து நிற்பவர் வினவத் தயங்கார். ஆனால் ஊசி போடும் பயிற்சியில் பொம்மையின் அருகே அவரே நிற்பார். மற்றவர் முறை வருமுன் மணி அடித்துவிடும். ஒதுங்குபவர் நூலை நன்கு கற்றிருப்பார். ஐயத்தை மட்டும் வாய்விட்டுக் கேளார். ஆசிரியர்கள் பெரும்பாலும் இவ்விருவரையே கடிந்துகொள்கின்றனர். எனக்குக் கவலை அளிப்பவரோ, எல்லோர்க்கும் இனியவராகிய முதல் வகையினரே. தோழி அளந்து சொன்ன எண் பிழையெனத் தோன்றினும், அவள் மனம் நோகுமே என்று அதனையே ஏட்டில் எழுதிவிடுவார் அவர். இவ்வழக்கம் வகுப்போடு நின்றுவிடுமா? இதய நோய்க்குத் தரும் டிகாக்சின் மாத்திரையில் 0.25 மில்லிகிராம் அளவுடையது ஒன்று உண்டு. புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 2.5, பத்து மடங்கு! அவ்வேளையில் வாய் திறவாத இன்சொல்லாரால் நோயாளிக்கு என்ன பயன்?

நோயாளியோடு கொள்ளும் உறவே செவிலித் தொழிலின் நடுநாயகம் என்று 1952-இல் நூலெழுதி நிறுவியவர் ஹில்டகார்ட் பெப்லாவ் அம்மையார். அவ்வுறவுக்கு ஒத்திகை, உடன் பயில்வாரோடு பழகுவதிலேயே தொடங்குகின்றது.

மருத்துவமனைகளில் கையாளும் முறையொன்றை வகுப்பிலேயே பழகலாம். மருந்தின் அளவை ஒருவர் கணக்கிடுக. அவர் விடையைக் காணாமல் மற்றொருவர் தனியே கணக்கிடுக. பின்னர் இரண்டையும் ஒப்பிடுக. விடை வேறுபட்டால், "பரவாயில்லை, உன்னுடையதே இருக்கட்டும்" என்று இருவரில் எவரும் சொல்லலாகாது. மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் மூத்த செவிலியிடம் செல்க. அங்கே முதலில் பேச வேண்டியவர், இருவருள் ஒதுங்கும் இயல்புடையவர்.