ஏரிக்கு வரும் இளைஞர்கள்

நாடு முன்னேற இளைஞர்கள் வரணும் என்கிறோம். வந்தால் என்ன வேலை கொடுக்கிறோம்?

காந்தியடிகள் நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர்கள் ஏழு நாள் முகாம் போட்டு உழைப்பார்கள்.

எங்கள் ஊருக்கும் வந்தார்கள். கோயில் வாசலைக் கூட்டச் சொன்னோம், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னோம். ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் வரத்துக்கால் தூர்ந்து கிடந்ததால் தண்ணீர் ஏரிக்கு வராமல் வயலை அழித்துவிட்டது. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. வேலையைக் காட்டாத எங்கள் மேல்தான்.

மறு வருஷம் ஆவணியிலேயே வரவழைத்தோம். சீமைக் கருவேலை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்கணும் என்று பெரியவர்கள் கூடவே இறங்கிக் காட்டினார்கள். அந்த வருஷம் ஏரி நிறைஞ்சுது.

ஆகவே, கல்லூரிக்கு முன்னதாகவே எழுதுங்கள். ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். வரத்துக்காலை நடந்து பார்த்து, ஏழு நாளில் முடியக்கூடிய நீளத்தை மட்டும் அளந்து ஒதுக்குங்கள். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாருங்கள். நாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தால், அடுத்த வருஷம் பிள்ளைகள் வரமாட்டார்கள்.