ஓட்டல் எண்ணெய் எங்கே போகிறது?



2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இது. குஜராத் மாநிலத்தில் வதோதரா மாவட்டம் இருக்கிறது. அங்கே டபோய் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். ஓட்டலின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் உள்ளே இறங்கினார். மேலே வரவில்லை. அவரைக் காப்பாற்ற மற்றவர்கள் இறங்கினார்கள். அவர்களும் வரவில்லை. மொத்தம் 7 பேர் இறந்தார்கள். 4 பேர் துப்புரவுத் தொழிலாளர்கள். 3 பேர் அந்த ஓட்டலிலேயே வேலை பார்த்தவர்கள்.

அவர்களைக் கொன்றது விஷவாயு. மலமும் சோறும் எண்ணெயும் காற்றுப் படாமல் அழுகினால் இந்த வாயு உண்டாகும். அழுகிய முட்டை போல நாற்றம் அடிக்கும். நாற்றம் வந்ததும் ஏறி வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது. சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

செப்டிக் டேங்க் என்றால் என்றைக்காவது நிரம்பத்தான் செய்யும். அதை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆனால் நாள் வருவதற்கு முன்பே நிரம்புகிறதே, அது ஏன்? குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதே, அது ஏன்? ஓட்டல்களில் இதற்குப் பெரிய காரணம் எண்ணெய்.

டில்லியில் சாலையோரத் தாபா ஒன்றை நினைத்துப் பாருங்கள். பருப்பில் நெய். ரொட்டியில் வெண்ணெய். பூரிக்கு வனஸ்பதி. சாப்பிட்ட தட்டுகள் கழுவும் இடத்துக்கு வருகின்றன. சோப்பும் சுடுநீரும் ஊற்றியதும் தட்டு பளபளவென்று ஆகிவிடுகிறது. எண்ணெய் எங்கே போனது? குழாய்க்குள் போனது. போகும்போது சூடாக இருந்தது. போகப் போக ஆறியது. டில்லியில் தை மாதக் குளிருக்கு நெய் கிண்ணத்திலேயே உறைந்துவிடும். மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் உறையாதா? முதல் நாள் மெல்லிய பூச்சாக ஒட்டும். அதன் மேல் பருப்பு ஒட்டும், சோறு ஒட்டும். சில மாதத்தில் கை நுழையும் குழாயில் விரல்தான் நுழையும்.

அப்புறம் ஒரு நாள் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும். தண்ணீர் போக வழி இல்லையென்றால் இருப்பதிலேயே தாழ்வான வாயைத் தேடும். ஓட்டலில் அது பெரும்பாலும் சமையலறைத் தரையில் உள்ள ஓட்டைதான். மாடிக் கக்கூசில் ஊற்றிய தண்ணீர், கீழே சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பொங்கி நிற்கும். அன்றைக்கு முதலாளி பதறுவார். யாரையாவது கூப்பிட்டுக் குழியில் இறக்கப் பார்ப்பார். உயிர் போவது அந்த அவசரத்தில்தான்.

இதைத் தடுக்க ஒரு தொட்டி இருக்கிறது. கிரீஸ் டிராப் என்று பெயர். எண்ணெயைப் பிடித்து வைக்கும் தொட்டி என்று சொல்லலாம். பாத்திரம் கழுவும் இடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் இதை வைப்பார்கள். இதில் எந்த மந்திரமும் இல்லை. கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் வந்ததும் வேகம் குறைகிறது. எண்ணெய் லேசானது, மேலே மிதக்கிறது. சோறும் பருப்பும் கனமானவை, அடியில் தங்குகின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகிறது. வெளியே போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கி இருக்கும். அதனால் மிதக்கும் எண்ணெய் அதில் நுழையாது. கக்கூஸ் குழாயை இந்தத் தொட்டியில் சேர்க்கவே கூடாது.

தொட்டி வைத்துவிட்டால் போதுமா? பல ஓட்டல்களில் வைத்ததோடு சரி. மூடியின் மேல் வெங்காய மூட்டை கிடக்கும்! நிரம்பிய தொட்டியும் இல்லாத தொட்டியும் ஒன்றுதான். எண்ணெய் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

எப்போது சுத்தம் செய்வது? ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். மேலே உள்ள எண்ணெயும் அடியில் உள்ள வண்டலும் சேர்ந்து கால் பங்கு ஆகிவிட்டால் எடுத்துவிட வேண்டும். 24 அங்குல ஆழம் என்றால் 6 அங்குலம். சின்னத் தொட்டி சில நாளிலேயே அந்த அளவுக்கு வந்துவிடும். கல்யாண ஆர்டர் வந்த வாரம் இன்னும் சீக்கிரம் வரும்.

தொட்டி சின்னதாக இருந்தால், வேலை முடிந்து தண்ணீர் ஆறிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் திறக்கலாம். கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். முகத்தைத் தொட்டிக்குள் நீட்டக் கூடாது. மேலே மிதப்பதைத் தட்டையான கரண்டியால் வழித்து, மூடி உள்ள வாளியில் போட வேண்டும். அடி வண்டலையும் எடுக்க வேண்டும். பிறகு தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். காலித் தொட்டியில் எண்ணெய் தங்காது, நேரே ஓடிவிடும். வழித்ததைத் தெருச் சாக்கடையில் கொட்டுகிறவர்களும் உண்டு. அப்படிக் கொட்டினால் தொட்டி எதற்கு? அடைப்பு வாசலிலிருந்து தெருவுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

தரைக்கு அடியில் கட்டிய பெரிய தொட்டி என்றால் கதை வேறு. அதிலும் அதே விஷவாயு இருக்கும். உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும். கழிவுநீர் லாரிக்கு 14420 என்று ஓர் உதவி எண் இருக்கிறது.

குழம்புச் சட்டியைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்தாலே பாதி வேலை குறையும். பொரித்து மீந்த எண்ணெயைத் தொட்டியில்கூட ஊற்றக் கூடாது. தனி டின்னில் சேர்த்து வைக்க வேண்டும். அதை வாங்கி பயோ டீசல் செய்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதற்கு ஒரு திட்டமே கொண்டு வந்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஓட்டல் முதலாளிக்கும் பொருந்தும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் 10 லட்சமாக இருந்தது. "இறங்க மாட்டேன்" என்று சொல்பவர் சட்டத்தின் பக்கம் நிற்கிறார்.

குழாய் அடைக்கப் போவது யாருக்கு முதலில் தெரியும்? கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் பெண்ணுக்குத்தான் தெரியும். தண்ணீர் மெதுவாக இறங்கும். குழாய் குபுக் குபுக்கென்று சத்தம் போடும். நாற்றம் வரும். அவர் அன்றைக்கே சொல்ல வேண்டும். சொன்னால் கேட்க வேண்டும்.

வாயால் சொன்னது மறந்து போகலாம். எழுதினால் நிற்கும். கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் கயிறு கட்டி ஒரு நோட்டு, ஒரு பென்சில். தேதி, எண்ணெய் எத்தனை அங்குலம், எடுத்தவர் பெயர். இந்த மூன்றையும் எழுத இப்போது உங்களுக்குத் தெரியும்.