ஆனர்ஸ் வகுப்பும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைக் குறித்துச் சில கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை இவ்வவையோர் அறியாதவரல்லர். ஆதலின் அதனை விரித்துரையேன். சென்ற ஆனித் திங்களில் நம்மவருள் ஒருவர் மனைவியோடும் மகளோடும் என் இல்லத்திற்கு வந்தார். அவர்கள் வினவிய இரண்டு வினாக்களையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

"வாத்தியார் ஐயா, இலாசுப்பேட்டையில் கம்யூனிட்டி காலேஜ் இருக்கின்றதே, அஃது எந்தச் சமூகத்தாருடையது? நம் பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்றார் தந்தையார். யான் நகைத்துவிட்டேன், பின்னர் நகைத்ததற்கு நாணினேன். சாதிச் சான்றிதழைக் கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் என்றே வழங்கும் ஊரில் அவர் வேறு எவ்வாறு பொருள்கொள்வார்? சமுதாயக் கல்லூரி என்னும் பெயரிலுள்ள சமுதாயம் ஒரு குலத்தைக் குறிப்பதன்று. ஊரார் அனைவரையும் குறிப்பது. புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் அதனைத் தோற்றுவித்தது. இந்நாட்டில் இவ்வகையில் முதலில் எழுந்த கல்லூரி அதுவே. அமெரிக்காவில் ஜோலியட் நகரில் 1901-இல் தோன்றிய கல்லூரி இவ்வகைக்கெல்லாம் மூத்தது. வீட்டிலிருந்தபடியே சென்று, குறைந்த செலவில், பிழைப்புக்கு உதவும் படிப்பைப் பெறுதல் இவற்றின் நோக்கம். அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் ஆனர்ஸ் பிரிவும் உண்டு. சிறிய வகுப்பு, மிகுந்த வாசிப்பு, ஓயாத எழுத்துவேலை. அதில் தேறியோர் பெரிய பல்கலைக்கழகங்களிற் சென்று சேர்கின்றனர்.

ஆனர்ஸ் என்றவுடன் தாயார் இரண்டாம் வினாவைத் தொடுத்தார்: "மூன்றாண்டில் முடிகின்ற பட்டத்திற்கு நான்காம் ஆண்டு எதற்கு ஐயா?"

இச்சொல் நமக்குப் புதியதன்று. முற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இண்டர்மீடியட் முடித்தோர் மூன்றாண்டு ஆனர்ஸ் பயின்றனர். ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்பதே அதன் இயல்பு. விண்ணியல் அறிஞர் சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் 1930-இல் பௌதிக ஆனர்ஸ் தேறினார். தேறுவதற்கு முன்னரே, 1929-இல், அவருடைய கட்டுரை இலண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்துவிட்டது. எல்லாரும் சந்திரசேகர் ஆகார், அறிவேன். பட்டம் பெறுமுன்பே ஒரு மாணாக்கன் தானே ஆராயத் தொடங்கலாம் என்பதற்காகவே கூறினேன்.

இக்காலத்து ஏற்பாடு 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கையை ஒட்டியது. நம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளுக்கு 2023-இல் வந்தது. ஓராண்டில் நின்றால் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில், 120 கிரெடிட் பெற்றால், பட்டம், நான்காண்டில், 160 பெற்றால், ஆனர்ஸ் பட்டம். முதல் ஆறு செமஸ்டர்களில் நூற்றுக்கு 75 எடுத்தோர் விரும்பினால் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியும் செய்யலாம். அதற்கு மட்டும் 12 கிரெடிட்.

தாய்மார்கள் இக்கணக்கை மனத்திற் கொள்ளுங்கள். மூன்றாண்டுப் பட்டதாரிக்கு எம்.ஏ. இரண்டாண்டு; நான்காண்டு ஆனர்ஸ் பெற்றவர்க்கு ஓராண்டு. இருவழியிலும் ஐந்தே ஆண்டு! மேலே படிக்கக் கருதும் பிள்ளைக்கு நான்காம் ஆண்டு வீணாவதில்லை. விரும்பும் துறையில் நான்காம் ஆண்டு நடக்கின்றதா என்பதைச் சேரும்பொழுதே அலுவலகத்திற் கேட்டறிதல் நன்று.

எல்லாரும் ஆனர்ஸே பயில வேண்டும் என்று யான் சொல்லேன். வீட்டில் அடுப்பெரியச் சம்பளம் வேண்டுமாயின் மூன்றாண்டோடு வெளியேறுதல் குற்றமாகாது. யானும் தங்கையின் திருமணத்தை முன்னிட்டுப் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றவனே. ஆனால், பெண்மக்களுக்கு மூன்றாம் ஆண்டு முடியுமுன்பே வரன் பார்க்கின்றோமே, அதனைச் சம்பளத்தின்மேற் சாற்றலாமா? ஓராண்டு பொறுக்கமாட்டாத மாப்பிள்ளை வீட்டார்க்கு நாம் ஏன் இத்துணை அஞ்சுகின்றோம்?

இனி, நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தின் கல்வி உதவித்தொகை மூன்றாண்டோடு நின்றுவிடுகின்றது. விதி எழுதிய பெரியோர் காலத்தில் பட்டம் மூன்றாண்டே, அவர்கள்மேற் குறையில்லை. 2023-இல் சேர்ந்தோர்க்கு நான்காம் ஆண்டு 2026-இல் வருகின்றது. "பட்டம் முடியும்வரை" என ஒரு தொடரை மாற்றி எழுதினாற் போதும். மிகுதியாகும் செலவுக்கு என் ஒருமாதச் சம்பளத்தை முதலில் வைக்கின்றேன். பொருளாளர் அவர்கள் இன்றே குறித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் ஞாயிறுதோறும் மாலையில் என் இல்லத்திற்கு வருக.