கல்லில் ஒரு ராணி, திரையில் ஒரு ராணி



ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஐதராபாத்தில் இரண்டு கோட்டைகளைக் காட்டியாக வேண்டும். ஒன்று கோல்கொண்டா. வாசலில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். மற்றொன்று, விஜயவாடா சாலையில் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குள் நிற்கும் மகிழ்மதி. அங்கே கை தட்ட வேண்டாம், டிக்கெட் எடுத்தால் போதும். ‘பாகுபலி’ ராஜ்ஜியம் கற்பனை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் வம்பு இல்லை. வாழ்ந்து மறைந்த அரசரின் பெயரைப் படத்துக்குச் சூட்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

2015இல் குணசேகர் இயக்கத்தில், அனுஷ்கா நடிப்பில், நம் இளையராஜா இசையில் ‘ருத்ரமாதேவி’ வந்தது. அரசனின் மகளை ஆண்பிள்ளை என்று சொல்லி வளர்க்கிறார்கள். சினிமாச் சரடு என்று பலர் சிரித்தார்கள். ஆனால் காகதீயக் கல்வெட்டுகளில் அரசி ருத்ரமாதேவி ‘ருத்ரதேவ மகாராஜா’ என்றே வருகிறார்! சரடுக்கும் ஒரு நூல்முனை இருந்திருக்கிறது.

அதே நேரம், பழைய எழுத்து என்பதற்காகக் கண்ணை மூடி நம்பவும் முடியாது. மார்கோ போலோ இந்த அரசியின் நீதியைப் புகழ்ந்துவிட்டு, அவரை மறைந்த மன்னரின் மனைவி ஆக்கிவிட்டார். உண்மையில் அவர் கணபதிதேவரின் மகள்.

படம் வெற்றி முழக்கத்தோடு முடிகிறது. கல் வேறு முடிவைச் சொல்கிறது. நல்கொண்டா மாவட்டம் சந்துபட்லாவில் 1289ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ருத்ரமாதேவியும் அவருடைய தளபதி மல்லிகார்ஜுன நாயகரும் சிவலோகம் அடைந்தார்கள். அவர்களுடைய புண்ணியத்துக்காகப் புவ்வுல மும்மடி என்ற ஊழியர் நிலம் கொடுத்தார். அரசியும் தளபதியும் ஒன்றாக மறைந்திருப்பதால், கலகக்காரச் சிற்றரசன் அம்பதேவனோடு நடந்த போரில் இறந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏறத்தாழ 27 ஆண்டு ஆண்ட ஓர் அரசியின் மறைவை ஓர் ஊழியரின் கொடைக்கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கு இப்படி ஒரு காட்சி தோன்றும்?

2017இல் வந்த ‘கௌதமிபுத்ர சாதகர்ணி’யைப் பாருங்கள். உச்சக்கட்டத்தில் எதிரி, கிரேக்கன் டிமெட்ரியஸ். அந்தப் பெயருள்ள பாக்டிரிய மன்னன் சாதகர்ணிக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முந்தியவன். நாசிக் குகையில் தாய் கௌதமி பாலஸ்ரீ பொறித்த கல்வெட்டு, மகன் யவனரை அழித்தான் என்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு படம் கிரீஸுக்கே போய்விட்டது. ஆனால் சாதகர்ணியின் பெரிய எதிரி சகர் குல மன்னன் நகபாணன். நாசிக் அருகே ஜோகல்தம்பியில் 1906இல் கிடைத்த புதையலில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள். அவற்றில் 9,000க்கும் மேல், நகபாணனின் முகத்தின் மீதே சாதகர்ணியின் முத்திரை விழுந்தவை. எதிரியின் முகத்தில் சம்மட்டி இறங்கும் ஒரு குளோசப்புக்குக் கிராஃபிக்ஸ் எதற்கு?

தெலுங்குப் படங்களைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைக்கலாமா? 1959இல் சிவாஜி கர்ஜித்த கட்டபொம்மன் வசனம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது. அதைத்தான் பள்ளி மேடைகளில் சரித்திரமாக ஒப்பித்தோம். 1798இல் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் ராமநாதபுரத்தில் சந்தித்த பின் கும்பினி நடத்திய விசாரணையில் பதவியை இழந்தது ஜாக்சன்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவு சொன்னதால், படத்தைத் தடைசெய் என்று கொடி பிடிக்கச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ‘பத்மாவத்’ படப்பிடிப்பில் புகுந்து அடித்து நொறுக்கியவர்கள் சரித்திரத்தைக் காக்கவில்லை. படம் காட்டும் சித்தோர் முற்றுகை 1303. அந்தக் கதையை ஜாயசி காவியமாகப் பாடியது 1540. அந்த 237 ஆண்டு இடைவெளியைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

கேட்பது சிறியது. தொடக்கத்தில் கண்சிமிட்டும் நேரத்தில் ஓடி மறையும் ‘சில காட்சிகள் கற்பனையே’ என்ற வரிக்குப் பதிலாக, படம் முடிந்ததும் எவர் கல்வெட்டில் இருப்பவர், எவர் கதாசிரியர் படைத்தவர் என்று பெயர் பெயராகப் போடட்டும். ஸ்டண்ட் கலைஞர் பெயருக்கு இடம் இருக்கும் திரையில் புவ்வுல மும்மடிக்கும் இடம் இருக்கும்.

அடுத்த விடுமுறையில் விருந்தாளிகளோடு மகிழ்மதி பார்க்கப் போனால், அதே விஜயவாடா சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். நகிரேகல்லில் இறங்கி, சந்துபட்லாவுக்கு வழி கேளுங்கள். அங்கே டிக்கெட் கிடையாது.