கண் காணாத நாளை



இன்றைய இடுக்கணையே நோக்கியிருப்பார்க்கு நாளை என்பது புலப்படுவதில்லை. நம்பிக்கை என்பது யாது என்பதற்கு மன்னார் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் நல்ல சான்றாகும்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் போர்த்துக்கேயரால் அழிவுற்றுக் காடு மூடிக் கிடந்தது. 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அதனை மீண்டும் எழுப்புமாறு சைவ மக்களுக்கு எழுதினார். 1879இல் அவர் மறைந்தபோதும் அங்கே காடே இருந்தது. 1893இலேயே அந்நிலம் சைவர் கைக்கு மீண்டது. 1976இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பின்னர்ப் போர் வந்தது; மக்கள் இடம்பெயர்ந்தனர். 2022ஆம் ஆண்டு யூலையில், நாடெங்கும் எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்ற நாள்களில், மீண்டும் அங்கே குடமுழுக்கு நிறைவேறியது.

நாவலர் அவற்றுள் ஒன்றையேனும் கண்டாரல்லர். எனினும், தம் காலத்துக்குரிய கடமையைச் செய்தே சென்றார். இறை நம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருத்தலன்று. பயனை அவனிடம் ஒப்புவித்து, நம் பங்கை இன்றே ஆற்றுதலாகும்.

பரீட்சையில் தவறிய மாணவர் நாளைக் காலை புத்தகத்தை மீண்டும் விரிக்கட்டும். தொழிலிழந்த தந்தையார் இன்னுமொரு விண்ணப்பம் எழுதட்டும். நாவலர் செய்ததும் அத்தகைய தொடக்கமே.