சுவருக்குள் வெயில் வரும் நேரம்



வெயில் வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று அளப்பது என் தொழில். நான் பயன்படுத்தும் அதே கருவிகளைக் கொண்டு குளிர் நாடுகளில், வீட்டிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளப்பார்கள். ஸ்காட்லாந்தின் பழைய கல்வீடுகளில் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தார் அப்படி அளந்தபோது, ஏட்டுக் கணக்கு சொன்னதைவிடப் பல சுவர்கள் நன்றாகவே வெப்பத்தைக் காத்தன. பழைய சுவரை ஏட்டில் எடை போடக் கூடாது. தொட்டுத்தான் அளக்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், வழுவழுவென்று சுண்ணாம்புப் பூச்சு. சித்திரை மாதம். மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். வெப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும் தகடு அது. சுவருக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அளவு தப்பிவிடும். அதனால் தடவித் தடவி ஒட்டினேன்.

பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு ஆச்சி சொன்னார்: “சாயங்கால வெயிலு இந்தச் சுவரத் தாண்டி உள்ள வர சாமக்கோழி கூவிரும் தம்பி. அதுக்குத்தான் ராத்திரி சன்னலத் தொறந்து வச்சிருவோம்.”

ஒரு நாள் அளவை நம்ப முடியாது. குறைந்தது மூன்று நாளாவது வேண்டும். மூன்றாம் நாள் பதிவை எடுத்துப் பார்த்தேன். வெப்பக் கோடு உச்சிக்கு ஏறியது நள்ளிரவு தாண்டித்தான். அதுவும் சிறு மேடு. ஆச்சியின் கணக்கு சரியாகவே இருந்தது!

காரணம் இதுதான், நேயர்களே. கனத்த செங்கல் வெப்பத்தை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் விடும். உள்ளே வந்து சேரும்போது வெளியே காற்று குளிர்ந்திருக்கும்; திறந்த சன்னல் மிச்சத்தைக் கொண்டுபோய்விடும். இன்றைய ஒன்பது அங்குலச் சுவரில் அதே வெயில் ஆறேழு மணி நேரத்தில், நாம் பாய் விரிக்கும் வேளைக்கு வந்து நிற்கிறது.

கூரையைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. நம் ஊரில் கோடை வெயில் அதிகம் விழுவது அங்கேதான்.

உங்கள் ஊரில் பழைய வீடு ஒன்றை இடிக்கப் பேச்சு நடந்தால், ஒரு வெப்பமானியை வீட்டுக்குள்ளும் இன்னொன்றை வெளியே நிழலிலும் மாட்டுங்கள். விடிகாலை, நண்பகல், அந்தி, படுக்கும் நேரம் என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். அந்தத் தாளைக் குடும்பத்தார் எல்லோரும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.