தேடிவரும் செய்தியோடை

நாள்தோறும் 20 வலைத்தளங்களைத் திறந்து, புதியது உண்டாவென நோக்கி மீள்வது வெற்றுழைப்பன்றோ? அவ்வுழைப்பைத் தவிர்ப்பது 'ஆர்.எசு.எசு.' எனும் செய்தியோடை. 1999-இல் நெட்சுகேப் நிறுவனத்தில் தோன்றியது. தளம் தன் புத்தாக்கங்களின் தலைப்பையும் இணைப்பையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். ஓடைப்படிப்பான் எனும் மென்பொருள் அதனை அவ்வப்போது பார்த்துப் புதியதைக் கொணர்ந்து தரும். மின்னஞ்சல் முகவரி கேட்பாரில்லை. நாம் படிக்கத்தக்கது இதுவென இடைநின்று பொறுக்குவாருமில்லை. (முகநூலார்க்கோ அப்பொறுக்கலே பிழைப்பு!)

2013 சூலை 1-இல் கூகுள் தன் படிப்பானை மூடிற்று. ஓடைகள் வற்றினவா? இல்லை. தாம் தொடர்ந்த தளங்களின் பட்டியலை 'ஓ.பி.எம்.எல்.' கோப்பாக எடுத்துவைத்தோர், அதனை வேறொரு படிப்பானில் இட்டுப் படிப்பைத் தொடர்ந்தனர். எடுத்துவையாதோர் ஒவ்வொரு தளமாக மீண்டும் தேடிச் சேர்க்கவேண்டியதாயிற்று. படிப்பான் எவருடையதாயினும், பட்டியலின் படியொன்று நம் கணிப்பொறியில் இருக்கட்டும்.